லேடீஸ் சைடு ஃபுட்டேஜ்

ஸ்டுடியோவில் மற்ற எடிட்டர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கதவைத் திறந்து உள்ளே வருகிற யாருக்கும் அவர்கள் திரையில் என்ன ஓடுகிறது என்று தெரியும். நான் ஒருத்தி மட்டும் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பேன். என் திரையை என்னைத் தவிர யாரும் பார்க்க முடியாது. டீக்கடைக்காரர் எனக்கு டீ கொண்டுவரும்போது நாலடி தள்ளி நின்று ஒரு இருமல் இருமுவார். நான் ஸ்பேஸ் பாரைத் தட்டி வீடியோவை நிறுத்தி, திரையில் இருப்பதைச் சுருக்கி, "வாங்கண்ணே" என்ற பிறகுதான் கிட்டே வருவார்.

ஸ்டுடியோ பூந்தமல்லியில் இருக்கிறது. ஓனரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் பாதிக்கு மேல் எங்களிடம்தான் வரும். அதில் சில வீடுகளில் ஒரு கண்டிஷன் உண்டு. ஆண்கள் இருக்கிற ஹாலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யார் வேண்டுமானாலும் எடிட் பண்ணலாம். பெண்கள் இருக்கிற ஹாலைப் பெண்தான் எடுக்க வேண்டும், பெண்தான் கேமரா கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்க வேண்டும், பெண்தான் எடிட் பண்ண வேண்டும். முடித்த வீடியோவை ஒரே ஒரு பென்டிரைவில் போட்டு, கவரில் ஒட்டி, கல்யாணப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். அந்த மாதத்துக்குள் எங்கள் ஹார்ட் டிஸ்கிலிருந்து அழித்துவிட வேண்டும். தொழில் பேச்சில் இதற்கு லேடீஸ் சைடு என்று பெயர். எல்லா வீட்டிலும் இப்படிக் கேட்பார்கள் என்று இல்லை. கேட்கிற வீட்டில் கறாராகக் கேட்பார்கள்.

எனக்கு வேலை கிடைத்ததே அதனால்தான். பி.காம். முடித்துவிட்டு, முகப்பேரில் ஆறு மாதம் எடிட்டிங் கோர்ஸ் படித்துவிட்டு, ஆவடியிலிருந்து போரூர் வரைக்கும் ஒரு ஸ்டுடியோ விடாமல் ஏறி இறங்கினேன். லேடீஸுக்கு இந்த வேலை சரிப்படாதும்மா என்று ஒரே பாட்டைப் பாடினார்கள். பாய் மட்டும்தான் நான் பண்ணின வேலையைப் பார்க்காமலேயே நாளைக்கே வா என்றார். லேடீஸ் சைடு பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாளாம். நான் நன்றாக கட் பண்ணுவேனா மாட்டேனா என்று அவர் கேட்கவே இல்லை. பெண் என்பதற்காகத்தான் எடுத்தார். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. இப்போதும் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

எங்கள் வீடு வெள்ளானூரில். ஆவடி வந்து பஸ் மாறிப் பூந்தமல்லி போவேன். வீட்டில் எல்லாருக்கும் நான் ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன் என்று தெரியும். சொந்தக்காரர்கள் வந்தால், நீ பண்ணின வீடியோ ஒன்று காட்டேன் என்பார்கள். ஜென்ட்ஸ் சைடில் நான் பண்ணினது ஏதாவது ஒன்றைப் போடுவேன். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவார். நிக்காஹ் நடக்கும். பிறகு நாற்பது நிமிஷத்துக்கு வரிசையாக ஆட்கள் வந்து மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துவிட்டு, கேமராவைப் பார்த்து நின்றுவிட்டுப் போவார்கள். அத்தை பாதியிலேயே எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவார். இதற்குத்தான் ஏழு வருஷமா போய்ட்டு வர்றியா என்று அம்மா கேட்பாள். வீடியோவை நிறுத்திவிடுவேன். என்ன சொல்ல?

சொல்லாமல் விட்டது இதுதான். என் நல்ல வேலை எல்லாம் லேடீஸ் சைடில் இருந்தது.

ஜென்ட்ஸ் சைடில் ஃபுட்டேஜ் வந்ததும் முதலில் பண்ணுகிற காரியம், எல்லா கிளிப்பிலும் சத்தத்தை அழிப்பது. அதன்மேல் பாட்டைப் போட்டு, பாட்டின் தாளத்துக்குப் படத்தை வெட்டிக்கொண்டே போனால் வேலை முடிந்தது. லேடீஸ் சைடில் நான் சத்தத்தை அழிக்கமாட்டேன். அங்கே பேச்சுதான் எல்லாமே. வெளியே வாயே திறக்காத பெண்கள் அந்த ஹாலுக்குள் வந்ததும் அப்படிப் பேசுவார்கள். மருதாணி வைத்துக்கொண்டு ஒருத்தி மாமியாரை வாரு வாரென்று வாருவாள். மாமியாரும் அங்கேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். தாலிபோலக் கருகமணி கட்டுகிறபோது கல்யாணப் பெண்ணைவிட அவள் சித்தி அழுவாள். ஒரு ஆளின் மேல் எவ்வளவு நேரம் நிற்கலாம், யார் எப்போது திரும்பிப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் நான் அங்கே கற்றுக்கொண்டதுதான். யாரும் சொல்லித்தரவில்லை. பார்க்கிற ஆளே ஒரு வீட்டில் நாலு பேர்தான் என்கிறபோது யார் வந்து சொல்லித்தரப் போகிறார்கள்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணம் வந்தது. பூந்தமல்லியிலேயே துணிக்கடை வைத்திருக்கிற வீடு. எங்களுக்காக லேடீஸ் சைடு எடுக்கிற கேமரா அக்கா கார்டைக் கையில் கொடுத்து, "அந்தம்மா இன்னா ஆட்டம் காட்டிச்சு தெரிமா? எனுக்கே சிரிப்பு தாங்கல. கேமரா ஆடிகினே கீது, நீ பாத்து எதுனா பண்ணிக்கோ" என்றார்.

அந்தம்மா என்றது கல்யாணப் பெண்ணின் அம்மாவை. ஐம்பது வயசு இருக்கும். மற்ற கிளிப்புகளில் எல்லாம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, யாருக்கு சர்பத் வரவில்லை என்று பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் ஆகிக் கூட்டம் குறைந்து, வீட்டுப் பெண்கள் மட்டும் மிச்சம் இருந்தபோது, யாரோ உசுப்பிவிட்டார்கள். எழுந்தார். ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டார். ஒரு கையைப் பின்னால் இடுப்பில் வைத்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளி, காலை அகட்டி நடந்தார். நடந்துபோய், இல்லாத பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறந்து, ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, "உப்பு போட்டியா, இல்ல மறந்துட்டியா?" என்றார். அவ்வளவுதான், ஹாலே உருண்டது. ஒரு அம்மா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். புருஷனைத்தான் அப்படி நடித்துக் காட்டினார் என்று எனக்குச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. கடைசியில் அவராலேயே தாங்க முடியாமல் சிரித்தார் பாருங்கள், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. கேமரா அக்கா சிரித்த சிரிப்பில் கேமரா ஆடிக்கொண்டே இருந்தது.

அதை நாற்பது வினாடியாக வெட்டினேன். பாட்டு இல்லை, ஒரு எஃபெக்ட் இல்லை. கேமரா ஆட்டத்தையும் அப்படியே விட்டேன். நடை, கை, பருக்கை, வசனம், சிரிக்கிற முகங்கள் மூன்று, கடைசியாக அவர் முகம். அந்த முகத்தில் ஒன்பது வினாடி நின்றேன். கல்யாண வீடியோவில் ஒரு முகத்தில் ஒன்பது வினாடி யாரும் நிற்கமாட்டார்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கர்வமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும், ரொம்பக் கர்வமாக இருந்தது.

தப்பு பண்ணினதும் அன்றைக்குத்தான். பென்டிரைவில் முழு வீடியோவை ஏற்றிக் கவரில் ஒட்டிக் கொடுத்தேன். ஹார்ட் டிஸ்கில் அழித்தேன். அழிப்பதற்கு முன்னால் அந்த நாற்பது வினாடியை மட்டும் என் ஃபோனுக்கு ஏற்றிக்கொண்டேன். லேடீஸ் சைடு ஃபுட்டேஜ் ஸ்டுடியோ வாசலைத் தாண்டக் கூடாது. எனக்குத் தெரியாதா? நான்தானே புதிதாக வருகிற பெண்களுக்கு அதைச் சொல்லித் தருகிறேன். யாருக்கும் காட்டப் போவதில்லை, எனக்காக வைத்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷம் யாருக்கும் காட்டவும் இல்லை.

போன வருஷம் ஒரு வேலை விளம்பரம் வந்தது. மண்ணூர்பேட்டைப் பக்கம், தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குள், முன்பு பட்டறைகள் இருந்த தெருவில் கண்ணாடி வைத்துக் கட்டிய கட்டடம். வெப் சீரிஸும் ஆவணப்படமும் பண்ணுகிற கம்பெனி. எடிட்டர் வேண்டும், இதுவரை செய்த வேலையிலிருந்து இரண்டு நிமிஷ ஷோரீல் அனுப்பவும் என்று போட்டிருந்தார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. கட்டிப்பிடித்துவிட்டுப் போகிற வரிசையை இன்னும் எத்தனை வருஷம் வெட்டுவது? இதை விட்டால் இல்லை என்று மனசு அடித்துக்கொண்டது.

ஷோரீலுக்கு உட்கார்ந்தால் கையில் ஒன்றும் இல்லை. ஏழு வருஷம் வேலை பார்த்தவளிடம் கார் கதவு திறக்கிறது, மாலை போடுகிறார்கள், ட்ரோன் மேலே போகிறது. பார்க்கப் பார்க்க எனக்கே எரிச்சல் வந்தது. வேறு வழியில்லாமல் ஃபோனில் இருந்த நாற்பது வினாடியை எடுத்து, முகங்களை எல்லாம் தூக்கிவிட்டேன். நடக்கிற கால், பின்னால் வைத்த கை, பருக்கையைக் கிள்ளுகிற விரல். மேலே சிரிப்புச் சத்தம். பதினைந்து வினாடி. முகமே இல்லையே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். ஆனாலும் அனுப்பக் கை வரவில்லை. கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று தோன்றியது. கேட்டால் சரி என்பார் என்று நிச்சயமாக நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது வீட்டுக்காரர். ஸ்டுடியோவிலிருந்து வருகிறேன், அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் உள்ளே திரும்பி நடந்தார். ஒரு கை பின்னால் இடுப்பில், கால் அகட்டி. எனக்கு வந்த சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். போதாததற்கு, அடுப்படியிலிருந்து வந்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை போட்டியா, இல்ல மறந்துட்டியா?" என்றார். அந்த அம்மா எத்தனை துல்லியமாக நடித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தம்மா என்னை அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டுபோய் ஸ்டூலில் உட்காரவைத்தார். வேலைக்கு மனு போடப் போவதைச் சொன்னேன். ஷோரீல் என்றால் என்ன என்று சொன்னேன். முகம் எதுவும் இல்லை, நீங்களே பாருங்கள் என்று சத்தத்தைக் குறைத்து அந்தப் பதினைந்து வினாடியைப் போட்டேன். முதல் இரண்டு வினாடியிலேயே அவர் கை வாய்க்குப் போனது. முடிந்ததும் இது எப்படி உன் ஃபோனில் இருக்கிறது என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. முழுசும் இருக்கிறதா என்று கேட்டார்.

போட்டேன். அவர் அதைப் பார்த்ததே இல்லையாம். மகள் பென்டிரைவை எடுத்துக்கொண்டு துபாய்க்குப் போய்விட்டாளாம். ஃபோனைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினார். வெளியே ஹாலில் வீட்டுக்காரர் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. இன்னொரு தரம் போடு என்றார். நாலு தரம் போட்டேன். கடைசித் தரம் தன் முகம் வருகிற இடத்தில் அவர் சிரிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஒன்பது வினாடி எனக்கும் ரொம்ப நீளமாக இருந்தது.

"நல்லா பண்ணியிருக்கே கண்ணு," என்றார். "ஆனா வேணாம்மா."

முகம் இல்லையே அம்மா என்று மறுபடியும் சொன்னேன். கொஞ்சம் கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். அந்த நடையைப் பார்த்தால் தெருவுக்கே தெரியும், சிரிப்பைக் கேட்டால் என் கொழுந்தனாருக்குத் தெரியும் என்றார். அது மட்டுமென்றால் நான் பதில் வைத்திருந்தேன். சத்தத்தை எடுத்துவிடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் ஃபோனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"அங்க வெளி ஆளு யாரும் இல்லன்னுதானேம்மா சிரிச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் வந்ததா, என்மேல் வந்ததா என்று அப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. நானும்தானே பார்த்தேன், நான் வெளி ஆள் இல்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ நம்ம பிள்ளை என்று சொல்லியிருப்பார். அதைக் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

இந்த வீடியோவை உங்கள் ஃபோனுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். இந்த வீட்டில் ஃபோன் எல்லார் கைக்கும் போகும், எங்கே வைத்துப் பார்ப்பது என்றார். உன் ஃபோனிலிருந்தும் எடுத்துவிடு என்றார். எடுத்துவிடுகிறேன் அம்மா என்றேன். பாயிடம் சொல்லமாட்டேன் என்று அவராகவே சொன்னார். டீ குடிக்கவைத்து, ஒரு டப்பாவில் சமோசா போட்டுக் கொடுத்து அனுப்பினார். வாசல் வரைக்கும் வந்தார். முகம் பழையபடி இறுக்கமாகிவிட்டது.

நான் எடுக்கவில்லை. பஸ்ஸில் எடுக்கலாம் என்று நினைத்தேன், வீட்டுக்குப் போய் எடுக்கலாம் என்று நினைத்தேன். நாலு நாள் போய்விட்டது. பதினைந்து வினாடித் துண்டை மட்டும் அழித்தேன். நாற்பது வினாடியைத் தொட மனசு வரவில்லை. என் ஏழு வருஷத்துக்கும் சாட்சி என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

ஷோரீலைக் கார் கதவையும் மாலையையும் வைத்தே முடித்து அனுப்பினேன். கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கூப்பிட்டார்கள். நல்ல வெயிலில் எஸ்டேட்டுக்குள் நடந்துபோய், ஏ.சி. அறையில் வியர்வை காயக் காத்திருந்தேன். ஒரு மேடம் வந்தார். என் வயசுதான் இருக்கும். தலைமை எடிட்டர் அவர்தானாம். ஒரு பெண் அந்த நாற்காலியில் இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

என் ஷோரீலை என் கண் முன்னாலேயே ஓடவிட்டார். இரண்டு நிமிஷம் முடிந்ததும் மடிக்கணினியைப் பாதி மூடிவிட்டு என்னைப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். கட் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, தாளம் தப்பவில்லை, கலர் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா நீங்க யார்கிட்டயும் நிக்கவே மாட்டேங்கறீங்க. ஒரு மனுஷரைக்கூடப் பாத்த மாதிரியே இல்ல" என்றார்.

என்னைப் பார்த்தா அப்படிச் சொல்கிறாய் என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். நான் ஆமா மேடம் என்றேன்.

அவர் நல்ல மனுஷி. உடனே அனுப்பிவிடவில்லை. இதை வைத்து மட்டும் முடிவு பண்ண எனக்கு விருப்பமில்லை என்றார். வேறு ஏதாவது பண்ணியிருப்பீர்களே, சும்மா உங்களுக்காக வெட்டிப் பார்த்தது, சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஃபோனில் இருந்தால்கூடக் காட்டுங்கள் என்றார். கதவு மூடியிருந்தது. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவரும் பெண்தான். பெண் கண்தான் படலாம் என்ற கண்டிஷனை மட்டும் பார்த்தால் ஒரு குற்றமும் இல்லை. ஃபோன் என் மடியில் பைக்குள் இருந்தது. பையின் ஜிப்பில் என் விரல் இருந்தது. நாற்பது வினாடி. அதிலும் கடைசி ஒன்பது வினாடி போதும், இந்த மேடத்தை வாயடைத்துப் போகவைத்திருப்பேன்.

"இல்ல மேடம்," என்றேன். "வேற ஒண்ணும் இல்ல."

சரிங்க, சொல்லி அனுப்பறோம் என்றார். வேலை போய்விட்டது என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. மெயில் வந்தது பிறகு.

மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில் ஷிஃப்ட் முடிந்த கூட்டம் நின்றது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். யாரும் கண்டுகொள்ளவில்லை, அதுவும் நல்லதுதான். பிறகு ஃபோனை எடுத்தேன். பக்கத்தில் நின்ற ஆள் தன் பாட்டுக்கு என் ஃபோனுக்குள் எட்டிப் பார்த்தார். இந்த ஊரில் எல்லாருக்கும் அடுத்தவர் ஃபோனில்தான் கண். ஒரு முறை முறைத்துவிட்டு நகர்ந்துபோய், நிழற்குடைச் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

ஒரு தரம் போட்டுப் பார்க்கலாமா என்று இருந்தது. பார்க்கவில்லை. பார்த்தால் அழிக்கமாட்டேன் என்று தெரியும். அழுத்திப் பிடித்து அழித்தேன். ஃபோனில் ஒரு தரம் அழித்தால் போய்விடாது, குப்பையில் முப்பது நாள் கிடக்கும், வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு முதலில் தெரிகிற விஷயம் அது. குப்பைக்குள் போய் அங்கேயும் அழித்தேன். இதைத் திரும்ப எடுக்க முடியாது, சம்மதமா என்று ஃபோன் கேட்டது. சம்மதம் என்று தட்டினேன்.

அந்தம்மாவிடம் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். மேடத்திடம் வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தேன். ஆவடி பஸ் வந்தபோது இரண்டும் உண்மையாகியிருந்தது.